உங்களுக்குத் தெரியுமா? – கடலுக்கு வழி சொன்ன மோரி

இந்த முறை பக்கம் முழுவதும் ஒரே மனிதருக்கு. காற்றும் நீரோட்டமும் கடலில் எந்த மாதம் எந்தப் பக்கம் போகும் என்று உலகத்துக்கே படம் போட்டுக் கொடுத்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி மேத்யூ ஃபான்டேன் மோரி.

★ 1806 ஜனவரி 14 அன்று வர்ஜீனியாவில் பிறந்தார். வளர்ந்தது டென்னஸியில், கடல் வாடையே படாத உள்நாட்டுப் பண்ணையில். பன்னிரண்டு வயதில் மரத்திலிருந்து விழுந்து முதுகில் பலத்த அடி. வயல் வேலைக்கு இனி ஆகமாட்டான் என்றுதான் அப்பா அவரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்.

★ அண்ணன் ஜான் கடற்படைக்குப் போய் மஞ்சள் காய்ச்சலில் இறந்தவர். இன்னொரு மகனும் கப்பலேறுவதை அப்பா விரும்பவில்லை. அவர் தடுத்தும் 1825-இல், பத்தொன்பது வயதில், மோரி கடற்படையில் சேர்ந்தார். சேர்த்துவிட்டவர் அப்போது டென்னஸியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சாம் ஹூஸ்டன். பின்னாளில் டெக்சாஸ் குடியரசின் அதிபரானாரே, அவரேதான்!

★ முதல் பயணமே பெரிய இடத்துப் பயணம். அமெரிக்க விடுதலைப் போரில் தோள் கொடுத்த பிரெஞ்சுத் தளபதி லாஃபயெட்டை ஊருக்குக் கொண்டுபோய் விட்ட 'பிராண்டிவைன்' கப்பலில் மோரியும் இருந்தார். அடுத்து 'வின்சென்ஸ்'. உலகைச் சுற்றி வந்த முதல் அமெரிக்கப் போர்க்கப்பல் அது. 1830-இல் அது நியூயார்க் திரும்பியபோது மோரிக்கு வயது 24.

★ எல்லாம் தொடங்கியது ஒரு கேள்வியில். 1831-இல் 'ஃபால்மவுத்' கப்பலுக்கு வழி பார்க்கும் பொறுப்பு மோரியிடம் வந்தது. தென் அமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹார்ன் முனையைச் சுற்றிப் பசிபிக்குக்குப் போக வேண்டும். மாலுமிகள் பெயரைக் கேட்டாலே நடுங்கிய இடம் அது. அங்கே காற்று எப்படி வீசும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று புறப்படும் முன்பே தேடினார். உருப்படியாக ஒரு புத்தகமும் அகப்படவில்லை. நூற்றுக்கணக்கான கப்பல்கள் போய் வந்த வழி! ஒவ்வொரு கேப்டனும் கற்றது அவரவர் தலைக்குள்ளேயே இருந்தது, அவரோடே போனது. மோரி தான் கண்டதைக் கட்டுரையாக எழுதினார். 1834-இல் அமெரிக்க அறிவியல் இதழில் அது வெளிவந்தது.

★ 1839-இல் ஒஹாயோவில் அவர் வந்த கோச்சு வண்டி கவிழ்ந்தது. வலது கால் முறிந்து, கடைசிவரை தாங்கித் தாங்கித்தான் நடந்தார். வயது 33. கப்பல் வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

★ படுத்த படுக்கையிலும் பேனா ஓயவில்லை. 'ஹாரி பிளஃப்' என்ற புனைபெயரில் கடற்படை நிர்வாகத்தின் ஊழலையும் மெத்தனத்தையும் போட்டு உடைத்துக் கட்டுரைகள் எழுதினார். அதிகாரிகளுக்கு முறையான கல்லூரி வேண்டும் என்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர். அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரி 1845-இல் தொடங்கப்பட்டது.

★ 1842-இல் வாஷிங்டனில் ஒரு மேசை வேலை கொடுத்தார்கள். வரைபடங்களும் கருவிகளும் வைக்கும் கிடங்குக்கு மேலாளர். காலொடிந்த அதிகாரிக்கு இது போதும் என்று நினைத்திருக்கலாம். அந்தக் கிடங்கில் கடற்படைக் கப்பல்களின் பழைய லாக் புக்குகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. லாக் புக் என்பது கப்பலின் நாட்குறிப்பு. இன்ன தேதி, இன்ன அட்சரேகை, இன்ன தீர்க்கரேகை, காற்று தென்கிழக்கு, மழை, பாய் இத்தனை விரித்தோம், கப்பல் கணக்குப்படி வந்திருக்க வேண்டிய இடத்தைவிட இத்தனை மைல் மேற்கே ஒதுங்கியிருக்கிறது – இப்படிப் போகும். பயணம் முடிந்ததும் அதற்கு மதிப்பு இல்லை. யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

மோரி திறந்தார். அந்தக் கடைசிக் குறிப்பைக் கவனியுங்கள். கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்துக்கும் கப்பல் உண்மையில் நின்ற இடத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் நீரோட்டம். ஒரு கப்பலின் குறிப்பு ஒரு நாள் செய்தி மட்டுமே. அதே இடத்தை அதே மாதத்தில் கடந்த நூறு கப்பல்களின் குறிப்பை அடுக்கினால், கடலின் பழக்கம் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் மோரியின் மேதைமை முழுவதும் இந்த ஓர் எண்ணத்தில் இருக்கிறது. இதற்கென்று புதுக் கருவி எதுவும் அவர் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததைப் படித்தார்.

★ 1847-இல் வட அட்லாண்டிக்குக்கான காற்று–நீரோட்டப் படம் வந்தது. அதை எப்படி வரைந்தார்கள் என்று பார்த்தால் அசந்துபோவீர்கள். ஒவ்வொரு கப்பலின் தடமும் ஒரு கோடு. குளிர்காலப் பயணம் கறுப்பு, வசந்தம் பச்சை, கோடை சிவப்பு, இலையுதிர் காலம் நீலம். பருவத்தின் முதல் மாதம் என்றால் முழுக் கோடு, இரண்டாம் மாதம் விட்டு விட்டு வரும் கோடு, மூன்றாம் மாதம் புள்ளிக் கோடு. காற்று வீசிய திசைக்கு வால்நட்சத்திரம்போல ஒரு சிறு தூரிகைக் குறி. ஆக, கோட்டைப் பார்த்ததுமே மாதமும் காற்றும் தெரிந்துவிடும்.

★ இன்னொரு வகைப் படத்தில் கடலை ஐந்து ஐந்து பாகைச் சதுரங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு சதுரத்திலும் பதினாறு திசை, பன்னிரண்டு மாதம். இந்த மாதத்தில் இந்தத் திசைக் காற்றை எத்தனை முறை பதிந்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கை. கணினி இல்லாத காலத்தில் ஒவ்வோர் எண்ணும் கையால் கூட்டியது. வழித்தடம், வாணிகக் காற்று, வழிகாட்டி, வெப்பநிலை, புயல்–மழை, திமிங்கிலம் என்று ஆறு வரிசைகளில் படங்கள் வந்தன. அட்லாண்டிக், பசிபிக்கோடு இந்தியப் பெருங்கடலும் உண்டு.

★ தொடக்கத்தில் கேப்டன்கள் நம்பவில்லை. பால்டிமோரிலிருந்து ரியோ டி ஜெனிரோவுக்குப் போகும் கப்பல்கள், பிரேசிலின் துருத்திக்கொண்டு நிற்கும் மூக்கில் நீரோட்டம் தள்ளிவிடும் என்று பயந்து, கிழக்கே வெகுதூரம் போய்ச் சுற்றி வருவது வழக்கம். அவ்வளவு பயம் தேவையில்லை, தெற்கே நேராக இறங்குங்கள் என்றார் மோரி. 1848-இல் கேப்டன் ஜாக்சன் என்பவர் துணிந்தார். அவருடைய 'டபிள்யூ.எச்.டி.சி. ரைட்' கப்பல் சுமார் 55 நாள் ஆகும் தூரத்தை 38 நாளில் முடித்தது. திரும்பி வந்தது அதைவிட ஒரு நாள் குறைவாக, 37 நாளில். செய்தி துறைமுகம் துறைமுகமாகப் பரவியது. பிறகு படம் கேட்டு வந்தவர்களுக்குக் குறைவில்லை.

★ படத்துக்கு விலை என்ன? பணம் இல்லை. அச்சிட்ட படிவம் ஒன்றைக் கையில் கொடுப்பார். பயணம் முழுக்கத் தினமும் காற்று, நீரோட்டம், கடல்நீரின் வெப்பம், காற்றழுத்தம் எல்லாம் அதில் எழுதிக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கொடுத்தால் படம் இலவசம். திமிங்கில வேட்டைக்காரரும் சரக்குக் கப்பல்காரரும் இப்படித்தான் ஆய்வாளர்கள் ஆனார்கள். பொதுமக்கள் திரட்டும் தரவு என்று இன்று பெருமையாகப் பேசுகிறோம். அதைப் பாய்மரக் காலத்திலேயே செய்து காட்டியவர் மோரி.

★ தேதியும் இடமும் எழுதிய சீட்டைப் பாட்டிலில் அடைத்துக் கடலில் போடச் சொன்னார். வேறு கப்பலில் இருப்பவர் அதைக் கண்டெடுத்தால், எங்கே எப்போது எடுத்தோம் என்று எழுதி அனுப்ப வேண்டும்.

★ போப் ஆண்டவரின் ஆட்சிப் பகுதியில் இருந்த கப்பல்களுக்கும் இதில் பங்கு உண்டு. மோரியின் முறைப்படி குறிப்பெழுதிய கப்பல்களுக்குத் தனிக் கௌரவக் கொடி தந்தார் ஒன்பதாம் பயஸ்.

★ 1849-இல் கலிபோர்னியாவில் தங்க வேட்டை. நியூயார்க்கிலிருந்து கேப் ஹார்னைச் சுற்றி சான் பிரான்சிஸ்கோ போக ஆறு மாதம்கூட ஆகும். 1851 ஜூன் 2 அன்று புறப்பட்ட 'ஃபிளையிங் கிளவுட்' 89 நாள் 21 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது! கிளம்பிய சில நாளில் பாய்மரங்களின் மேல்பகுதி முறிந்து, நடுக்கடலில் சரிசெய்துகொண்டு போன கப்பல் அது. கேப்டன் ஜோசையா கிரீஸி. வழி போட்டது அவர் மனைவி எலினோர் கிரீஸி. மாலுமிக் கணக்கைத் தன் தந்தையிடம் கற்றவர், மோரியின் படங்களை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு கப்பலை நடத்தியவர். 1854-இல் இதே தம்பதி, இதே கப்பல், 89 நாள் 8 மணி. பாய்மரக் கப்பல் எதுவும் இந்தச் சாதனையை 1989 வரை முறியடிக்கவில்லை. கப்பலின் பெயர் தெரிந்தவர்களுக்கு எலினோர் பெயரும் தெரிந்திருக்க வேண்டும்.

★ ஹெர்மன் மெல்வில்லின் 'மோபி டிக்' நாவலில் மோரி வருகிறார்! திமிங்கிலங்கள் எந்த மாதம் எங்கே இருக்கும் என்று அவர் படம் தயாரிப்பதை அடிக்குறிப்பாகவே சேர்த்திருக்கிறார் மெல்வில். நாவல் வந்த 1851-இல்தான் திமிங்கிலப் படமும் வந்தது.

★ அந்தத் திமிங்கிலக் கணக்கில் ஒரு புதிர். வேட்டைக்காரர்கள் தங்கள் ஈட்டியில் கப்பல் பெயரைப் பொறித்து வைப்பார்கள். கிரீன்லாந்துப் பக்கத்து ஈட்டி, பெரிங் நீரிணைப் பக்கம் பிடிபட்ட திமிங்கிலத்தின் உடலில் இருந்தது. வெப்பமண்டலக் கடலை இந்த வகைத் திமிங்கிலம் கடப்பதில்லை என்பதை மோரியின் படங்களே காட்டின. அப்படியானால் வடக்கே, பனிக்குள்ளே, ஒரு வழி இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். அது சரி. ஆனால் ஒரு படி மேலே போய், வடதுருவத்தைச் சுற்றி உறையாத கடல் இருக்கிறது என்றும் சொன்னார். அது தவறு. அதை நம்பிப் பயணம் போனவர்கள் பனியில் சிக்கிப் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2010-இல் செயற்கைக்கோள் கருவி பொருத்திய இரண்டு திமிங்கிலங்கள், ஒன்று அலாஸ்காவிலிருந்தும் மற்றது கிரீன்லாந்திலிருந்தும் வந்து, கனடாவின் வடக்கே ஒரே நீர்ப்பரப்பில் நீந்தின. ஈட்டி சொன்னது உண்மை என்று உறுதியானது.

★ மோரிக்கு முன்னோடிகள் உண்டு. வளைகுடா நீரோட்டத்தைப் படமாக்கி அச்சிட்டவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். விவரம் சொன்னது அவருடைய உறவினரான நான்டக்கெட் திமிங்கில வேட்டைக் கேப்டன் டிமோத்தி ஃபோல்ஜர். இன்னொருவர் ஆங்கிலேயரான ஜேம்ஸ் ரென்னல். வங்காளத்தின் முதல் தலைமை நில அளவையாளர். அதற்கு முன்னால், இளைஞராக இருந்தபோது, நம் பாக் நீரிணையையும் பாம்பன் கால்வாயையும் அளந்தவர். அட்லாண்டிக் நீரோட்டங்களைப் பற்றிய அவருடைய நூல், அவர் இறந்தபின் 1832-இல் வெளியானது.

★ 1853 ஆகஸ்டில் பிரஸ்ஸல்ஸ் நகரில் பத்து நாடுகள் கூடின. கூட்டியது மோரியின் முயற்சி. தலைமை தாங்கியவர் பெல்ஜியப் புள்ளியியலாளர் கெத்லே. எந்தக் கப்பலாக இருந்தாலும் ஒரே படிவத்தில், ஒரே முறையில் வானிலையைப் பதிவது என்று முடிவானது. இங்கிலாந்தும் பிரான்சும் ரஷ்யாவும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டன. சில மாதத்தில் அதே மூன்று நாடுகள் கிரிமியப் போரில் மோதின. பகைக்கு நடுவிலும் காற்றைப் பற்றி ஒத்துப்போக முடிந்ததே, அதுவே பெரிது. அடுத்த ஆண்டே பிரிட்டனில் வானிலைத் துறை பிறந்தது. தலைவர், டார்வினை 'பீகிள்' கப்பலில் அழைத்துப் போன ஃபிட்ஸ்ராய்.

★ கடல் எவ்வளவு ஆழம்? அந்தக் காலத்தில் தெரியாது. குண்டைக் கட்டிக் கயிறு விட்டுப் பார்ப்பார்கள். 34,000 அடி, 50,000 அடி விட்டும் தரை தட்டவில்லை என்று எழுதி வந்தார்கள். குண்டு எப்போதோ தரை தொட்டிருக்கும். ஆழத்து நீரோட்டம் கயிற்றை இழுத்துக்கொண்டே போகும், மேலே நிற்பவருக்குத் தெரியாது. மோரியின் அலுவலகத்தில் இருந்த ஜான் மெர்சர் புரூக் என்ற இளம் அதிகாரி வழி கண்டார். பீரங்கிக் குண்டின் நடுவில் துளை போட்டு ஒரு கம்பியைச் செருகினார். கம்பி தரையில் முட்டியதும் குண்டு கழன்று அங்கேயே தங்கிவிடும். கம்பி மட்டும் மேலே வரும், நுனியில் கொஞ்சம் மண்ணோடு.

அந்த மண்ணை உருப்பெருக்கியில் பார்த்தவர் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிப் பேராசிரியர் பெய்லி. மண்ணே இல்லை! அத்தனையும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் ஓடுகள். அதுவும் தேயாமல், உடையாமல். அப்படியென்றால் அந்த ஆழத்தில் அலைப்பும் உரசலும் இல்லை. ஒரு கம்பியைக் கொண்டுபோய் வைத்தால் வைத்த இடத்தில் கிடக்கும். அட்லாண்டிக்குக்கு அடியில் தந்திக் கம்பி போடத் தொழிலதிபர் சைரஸ் ஃபீல்டு யோசனை கேட்டபோது, மோரியிடம் பதில் தயாராக இருந்தது. அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் நடுவே கடலடி மேட்டுநிலம் இருக்கிறது என்று காட்டினார். 1858-இல் முதல் கம்பி சில வாரமே பேசியது. 1866-இல் போட்டது நிலைத்தது.

★ 1854-இல் 'ஆர்க்டிக்' என்ற நீராவிக் கப்பல் பனிமூட்டத்தில் 'வெஸ்டா' கப்பலோடு மோதி மூழ்கியது. நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். போகிற கப்பலுக்கு ஒரு தடம், வருகிற கப்பலுக்கு வேறு தடம் என்று பிரித்துப் படம் போட்டார் மோரி. ஆண்டு 1855. பெரிய கம்பெனிகள் எல்லாம் அப்படியொரு ஏற்பாட்டுக்கு உடன்பட்டது 1898-இல்தான்.

★ அதே 1855-இல் அவருடைய 'கடலின் இயற்பியல் புவியியல்' வெளிவந்தது. நவீனக் கடலியலின் முதல் பாடநூல் என்று பலர் சொல்லும் நூல். பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. நீரோட்டம் ஏன் ஓடுகிறது என்பதற்கு அவர் தந்த விளக்கங்களில் பல பிற்பாடு நிற்கவில்லை. காற்றின் உந்துதலை அவர் குறைத்தே மதிப்பிட்டார். படங்கள் நின்றன.

★ இத்தனைக்கும் நடுவே, 1855-இல் கடற்படை அவரை ஓய்வுப் பட்டியலில் தள்ளியது. காரணம், கால். மூன்றாண்டு போராடித்தான் பதவி உயர்வோடு திரும்பினார்.

★ 1857-இல் தங்கமும் பயணிகளும் ஏற்றி வந்த 'சென்ட்ரல் அமெரிக்கா' சூறாவளியில் மூழ்கியது. பெண்களையும் குழந்தைகளையும் வேறு கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டு, கேப்டன் வில்லியம் ஹெர்ண்டன் தன் கப்பலோடு போனார். மோரிக்கு அவர் மைத்துனர். விபத்து எப்படி நடந்தது என்று அறிக்கை எழுதும் கடமையும் மோரி தலையில் விழுந்தது.

★ இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. மோரி அடிமை முறையின் பக்கம் நின்றவர். அமெரிக்க அடிமைகளை உரிமையாளர்களோடு அமேசான் பள்ளத்தாக்கில் குடியேற்றலாம் என்று எழுதினார். கப்பலோடு மூழ்கிய அதே ஹெர்ண்டன் முன்பு அமேசானை ஆராயப் போன பயணத்துக்குப் பின்னால் அந்த எண்ணமும் இருந்தது. 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டு வர்ஜீனியா அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன மூன்றாம் நாள் வேலையை விட்டு, பிரிந்த மாநிலங்களின் தெற்குக் கூட்டமைப்பில் சேர்ந்தார். ஜேம்ஸ் நதியில் மின்சாரத்தால் வெடிக்கும் கண்ணிவெடிகளை வைத்தார். உலக மாலுமிகளின் உயிரைக் காக்கப் படம் வரைந்த கைதான் அதையும் செய்தது. அவருடைய அறிவியலை மதிப்பவர்கள் இதையும் சேர்த்தே அறிந்துகொள்ள வேண்டும்.

★ போரில் தெற்கு தோற்றபின் மெக்சிகோ, பிறகு இங்கிலாந்து. 1868-இல் கேம்பிரிட்ஜ் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. அந்த ஆண்டே ஊர் திரும்பி, வர்ஜீனியா ராணுவக் கல்லூரியில் பேராசிரியரானார். 1873 பிப்ரவரி 1 அன்று இறந்தார். ரோடோடென்ட்ரான் பூக்கும் காலத்தில் கோஷன் கணவாய் வழியாகத் தன் உடலைக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்தக் கணவாய் வழியாகவே கொண்டுபோனார்கள்.

★ ரிச்மண்ட் நகரில் 1929-இல் அவருக்கு வைத்த சிலை 2020 ஜூலையில் அகற்றப்பட்டது. 2023-இல், அவர் பெயரைத் தாங்கிய அமெரிக்கக் கடற்படை ஆய்வுக் கப்பலுக்கு மேரி தார்ப் என்று பெயர் மாற்றினார்கள். அட்லாண்டிக்கின் நடுவே கடலடி உயர்ந்திருக்கிறது என்று 1854-இல் வரைந்த ஒரு படத்தில் மோரி காட்டியிருந்தார். அந்த இடத்தில் ஓடும் மலைத்தொடரையும் அதன் நடுப்பிளவையும் நூறாண்டு கழித்துப் படமாக்கியவர் மேரி தார்ப். பெண் என்பதால் ஆய்வுக் கப்பலில் ஏறவே வெகுகாலம் அனுமதி கிடைக்காதவர். பிறர் கொண்டுவந்த ஆழக் கணக்குகளை மேசையில் வைத்தே அதைச் சாதித்தார். பொருத்தமான மாற்றம் என்றே எனக்குப் படுகிறது.

★ மோரி திரட்டிய குறிப்புகள் வீணாகவில்லை. 1784 முதல் 1863 வரையான பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கப்பல் பதிவுகளைக் கணினியில் ஏற்றிவிட்டார்கள். அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து செய்த வேலை அது. கடல் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று கணக்கிடும் பருவநிலை ஆய்வாளர்களுக்கு அந்தத் தரவுத் தொகுப்பும் உதவுகிறது. குளிரில் விறைத்த விரலோடு வெப்பமானியைப் பார்த்து எழுதிய பெயர் தெரியாத மாலுமிகளுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

★ 'பைலட் சார்ட்' என்ற மாதவாரிக் கடல் படங்களை அமெரிக்க அரசு இன்றும் வெளியிடுகிறது. மோரியின் ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்டது என்ற வரி அதில் நெடுங்காலமாக அச்சாகி வந்தது. இந்தியப் பெருங்கடலுக்குத் தனித் தொகுப்பு உண்டு, எண் 109. ஜூலையில் மன்னார் வளைகுடா பக்கம் காற்று எப்படி, டிசம்பரில் வங்கக் கடலில் நீரோட்டம் எந்தப் பக்கம் என்று மாதம் மாதமாகப் பார்க்கலாம். கச்சான், கொண்டல், வாடை என்ற காற்றுகளும் நீவாடு என்ற நீரோட்டமும் நம் மீனவர்களுக்கு அனுபவப் பாடம். வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளை இருந்தால், இணையத்தில் கிடைக்கும் அந்தப் படத்தைத் திறந்து காட்டுங்கள். கடற்கரையில் யாராவது பெரியவர் தெரிந்தவராக இருந்தால், அவர் சொல்லும் காற்றுக் கணக்கை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.